சொந்த ஊர் கேட்காத விழா: வடசென்னைக் கல்லூரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெரம்பூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரி இது. பெயர் வேண்டாம். இங்கே எழுதப்போவதில் பாதி, மாணவர்கள் நம்பிச் சொன்னவை. படிப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர், மணலி என்று சுற்றுவட்டாரம் முழுக்க வருகிறார்கள். மீஞ்சூர், பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் வருகிறவர்களும் உண்டு. நான் வரலாற்றுத் துறை. மாணவர் பேரவையின் பண்பாட்டுக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன்.

எல்லாக் கல்லூரிகளையும் போல இங்கேயும் வருஷா வருஷம் 'எத்னிக் டே' நடந்துகொண்டிருந்தது. மாநிலத்துக்கு ஒரு ஸ்டால். பஞ்சாப் ஸ்டாலில் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஒரு தண்டையார்பேட்டைப் பையன், கேரளா ஸ்டாலில் கசவுப் புடவையில் ஒரு ராயபுரத்துப் பெண், வாசலில் பூக்கோலம், மேடையில் பாங்க்ரா. போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டாலில் நின்ற பிள்ளைக்கும் அந்த மாநிலத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பண்பாடு என்பது வேறு எங்கோ இருக்கிறது, நமக்கு அது ஒரு நாள் வாடகை உடுப்பு என்ற எண்ணம் அவர்களிடம் ஊறிப்போயிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஏனென்றால் வடசென்னையைப் போல நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்த இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆர்மீனியன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. ராயபுரத்தில் 1910-இல் எழுப்பிய பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கிறது. அதே ராயபுரத்திலிருந்துதான் 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. ரயில்வே வேலையை ஒட்டிப் பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வேர்விட்டன. சௌகார்பேட்டையில் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள். மண்ணடியில் முஸ்லிம் வணிகர்கள். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். நீதிக்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் 1852-இல் பிறந்தது கொருக்குப்பேட்டையில்தான். அவரும் தெலுங்கு பேசும் நெசவாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அப்புறம் பர்மா. 1962-இல் நே வின் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது, அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறினார்கள். வியாசர்பாடியில் அவர்கள் குடியேறிய தெருக்கள் இன்றும் இருக்கின்றன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-இல் வந்த பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்காக உண்டானது.

இத்தனையும் இருந்தும், எத்னிக் டே அன்று பர்மாவுக்கு ஸ்டால் கிடையாது. அது இந்திய மாநிலம் இல்லையே!

ஸ்டாலில் நிற்க மறுத்தவன்

மாற்றத்தைத் தொடங்கிவைத்தவன் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவன். அப்பாவுக்குப் பீகார், மணலிப் பக்கம் கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பையன் ஐந்து வயதில் வந்தவன். படித்ததெல்லாம் தமிழ் மீடியம். குழுவில் இருந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அவனைத் தேடிப்போய்ச் சொன்னார்கள்: "இந்த வருஷம் பீகார் ஸ்டாலுக்கு ஒரிஜினல் ஆளே இருக்கான்." அவன் முடியாது என்றான். என்னிடம் வந்து சொன்னது இது:

"மேடம், ரெண்டு வருஷமா இவனுங்களோட ஒரே பெஞ்சுல உக்கார்றேன். எங்க அம்மாவுக்கு ரேஷன் கடையில தமிழ்ல பேசித் தர்றதே நான்தான். இப்ப அங்க போய் நின்னா திரும்ப ஹிந்திக்காரன் ஆயிடுவேன்."

அந்த வாரமே இன்னொரு பெண், அவள் ஆயா, அதாவது பாட்டி, பர்மாவின் ரங்கூனிலிருந்து வந்தவர், தனக்கு எந்த ஸ்டால் என்று கேட்டாள். குழுவிடம் பதில் இல்லை. சரி, மாநிலக் கணக்கை விட்டுவிடலாம், அவரவர் குடும்பக் கதையைக் கேட்போம் என்று குழு முடிவு செய்தது. வகுப்புவாரியாக ஒரு படிவம் தயாரானது. முதல் கேள்வி: உங்கள் சொந்த ஊர் எது?

இந்த ஆய்வில் நான் நின்று பேச விரும்பும் இடம் இதுதான். படிவத்தைச் சுற்றுக்கு விடுவதற்கு முன் குழுவுக்குள்ளேயே நிரப்பிப் பார்த்தார்கள். கணிசமானவர்கள் அந்த முதல் கேள்வியைத் தாண்டிப் போயிருந்தார்கள். சிலர் சென்னை என்று மட்டும் எழுதியிருந்தார்கள். புளியந்தோப்பிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து பேசினாள்.

"நான் பொறந்தது புளியந்தோப்பு. எங்க அம்மா பொறந்ததும் அங்கதான். எங்க ஆயாவும் அங்கதான். சொந்த ஊர்னா நான் என்ன எழுதுறது மேடம்? புளியந்தோப்புன்னு சொன்னா, அது சரி, அதுக்கு முன்னாடி எங்கன்னு கேப்பாங்க. ஏதாவது மாவட்டம் சொன்னா எந்த ஊருன்னு கேப்பாங்க. ஊரு சொன்னா எந்தப் பக்கம்னு கேப்பாங்க. அவங்களுக்கு வேண்டியது ஊரு இல்ல."

அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. நம் ஊரில் ஒருவரின் சாதியைக் கேட்காமல் கேட்பதற்கு இதைவிடப் பழகிய வழி வேறில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் இதே கேள்விதான், ஹாஸ்டலில் அறை நண்பன் கேட்பதும் இதுதான். அடையாளத்தைக் கொண்டாடுவதாகச் சொல்லி ஒரு கல்லூரியே அதைப் படிவம் போட்டுக் கேட்டால், பெருமையாக எழுதக்கூடிய பிள்ளைகள் எழுதுவார்கள், மற்றவர்கள் இன்னொரு முறை ஒதுங்கிக்கொள்வார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றும் சொன்னது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, பண்பாட்டு விழா என்ற பெயரில் அதே தகவலை மைக்கில் சொல்ல வைப்பது எந்த விதத்தில் நியாயம்?

கேள்வியை மாற்றியது

படிவத்தைக் கிழித்துப் போட்டார்கள். புதிய கேள்விக்கு வந்துசேர இரண்டு மூன்று கூட்டம் பிடித்தது. 'உங்கள் வீட்டில் முதன்முதலில் சென்னைக்கு வந்தவர் எதில் வந்தார், வந்து என்ன வேலை செய்தார்' என்று ஒருவர் சொன்னார். நல்ல கேள்வி. ஆனால் வேலையும் சாதியைக் காட்டிக்கொடுக்கும் என்று உடனே எதிர்ப்பு வந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டது இப்படி: வந்த வழி, வீட்டில் இருக்கும் ஒரு பொருள், வீட்டில் சமைக்கும் ஒரு பதார்த்தம், இந்த மூன்றில் விருப்பப்பட்ட ஏதாவது ஒன்றைக் கொண்டுவரலாம். அதைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பது கொண்டுவருபவர் இஷ்டம். பார்க்க வருகிறவர்கள் பொருளைப் பற்றிக் கேட்கலாம், ஆளைப் பற்றிக் கேட்கக் கூடாது. ஒன்றும் கொண்டுவராமல் வேடிக்கை பார்க்கவும் வரலாம், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடைசி விதிதான் முதல்வர் அறையில் அதிகம் கேள்விக்கு ஆளானது. கலந்துகொள்ளாதவர்களுக்கு வருகைப் பதிவு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். நான் பிடிவாதமாக நின்றேன். வாய் திறக்காமல் இருக்கும் உரிமை இருக்கிற இடத்தில்தான் வாய் திறப்பதற்கு மதிப்பு வருகிறது.

அந்தப் புளியந்தோப்பு மாணவி என்ன கொண்டுவந்தாள் தெரியுமா? தன் தாத்தாவின் மாநகராட்சித் துப்புரவுத் துறை அடையாள அட்டையை. ஓரமெல்லாம் செல்லரித்து, போட்டோவில் முகம் மங்கிப்போயிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு நடு மேசையில் வைத்தாள். படிவத்தில் கேட்டபோது சொல்ல மறுத்தவள், யாரும் கேட்காதபோது தானாக வைத்தாள். பக்கத்தில் நின்று, நகரம் நாறாமல் இருந்ததற்கு யார் காரணம் என்று வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சோற்றுப் பிரச்சினை

உணவு விஷயத்தில் கல்லூரியின் முதல் நிலைப்பாடு: வளாகத்துக்குள் சைவம் மட்டும். அது எல்லோரும் சாப்பிடக்கூடியது, யாருக்கும் சங்கடம் இல்லை என்றார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் படும். ஆனால் காசிமேட்டிலிருந்து வரும் பிள்ளையின் வீட்டுச் சமையலில் மீன் இல்லாமல் எதைக் காட்டுவது? பொதுவானது என்று சொல்லி ஒரு சிலரின் அடுப்படியை மட்டும் உள்ளே விடுகிறோம், மற்றவர்கள் தங்கள் கல்லூரியிலேயே விருந்தாளியாக நிற்கிறார்கள். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா நினைவிருக்கலாம். அரசு நடத்தவிருந்த விழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது, விழாவே தள்ளிப்போனது.

பேச்சுவார்த்தைக்குப் பிறகு முட்டை, மீன், கோழிக்கு அனுமதி கிடைத்தது. மாட்டிறைச்சிக்குக் கிடைக்கவில்லை. வியாசர்பாடி மாணவர்கள் சிலர் அதற்குப் பதிலாக வேறு எதையும் சமைத்துவர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தங்கள் வீட்டு மாட்டுக்கறி வறுவலின் செய்முறையை, எத்தனை மிளகாய், எத்தனை விசில் என்பதுவரை பெரிய சார்ட்டில் எழுதி ஒட்டினார்கள். அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை. இந்த விஷயம் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கல்லூரி இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டம் அலைமோதியது அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் மேசையில். ரங்கூன் குடும்பத்து மாணவியின் ஆயாவே வந்திருந்தார். அகலமான எவர்சில்வர் பேசின், அதில் மஞ்சள் நிற நூடுல்ஸ். ஒரு பிடி அள்ளிப்போட்டு, மெல்லிசாக நறுக்கிய கோஸ், வறுத்த வெங்காயம், பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறு பொரியலை நொறுக்கித் தூவி நீட்டினார். கூடவே ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப். சௌகார்பேட்டையிலிருந்து வரும் ஒரு ஜைன மாணவன் வெகுநேரம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆயா, இது சைனீஸா?"

"சைனீஸ் இல்ல கண்ணு, ரங்கூன். நான் அஞ்சு வயசுல கப்பல்ல வரும்போது எங்கம்மா கையில இருந்து கத்துக்கிட்டு வந்தது."

"வெங்காயம் பூண்டு இல்லாம போட முடியுமா?"

"அது இல்லாம அத்தோவா? சரி இரு. கோஸும் புளித்தண்ணியும் கடலைமாவும் போட்டுப் பிசையறேன். தின்னு பாத்துட்டுச் சொல்லு."

தனிக் கரண்டி, தனிக் கிண்ணம் எடுத்து அவனுக்கென்று கலந்து கொடுத்தார். அவன் இரண்டாவது தடவையும் வாங்கினான். அப்புறம் அவன் தன் பாட்டனார் ராஜஸ்தானிலிருந்து கொண்டுவந்த கணக்குப் புத்தகத்தை ஆயாவுக்குக் காட்டினான். அதில் இருந்த எழுத்து அவனுக்கே படிக்கத் தெரியாது. தலைப்பில் இருந்த ரூபாய்க் கணக்கை மட்டும் இருவருமாகச் சேர்ந்து கூட்டிப் பார்த்தார்கள்.

மில் மூலை

மூன்று நான்கு மாணவர்கள் ஆளுக்கொன்றாக பின்னி மில் பொருட்களைக் கொண்டுவந்திருந்தார்கள்: ஒரு டிபன் கேரியர், ஒரு பாஸ், காக்கித் துணியில் தைத்த ஒரு பை. ஒருவருக்கொருவர் தெரியாமலே கொண்டுவந்தது. பெரம்பூரின் இந்த பக்கிங்காம், கர்நாடிக் மில்களை நம்பித்தான் ஒரு காலத்தில் இந்த வட்டாரமே உலை வைத்தது. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிற்சங்கம், திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் முன்னின்றது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. பொருட்களை ஒரே மேசையில் வைத்ததும் பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. நம் தாத்தாக்கள் எல்லாம் ஒரே மில் என்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தைச் சொல்லாமல் பின்னி மில்லைப் பற்றிப் பேச முடியாது. அந்த ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட போராட்டத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். தொழிலாளர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன, கலவரம் மாதக்கணக்கில் நீடித்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எம்.சி. ராஜா போன்ற ஆதிதிராவிடத் தலைவர்கள் நீதிக்கட்சியோடு முரண்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மேசையைச் சுற்றி நின்றவர்களில் இரண்டு தரப்புக் கொள்ளுப்பேரன்களும் இருந்திருக்கக்கூடும். யார் யார் என்று நான் கேட்கவில்லை. என்ன நடந்தது, வேலைக்குத் திரும்பியவர்களை ஏன் துரோகி என்று சொல்லிவிட முடியாது, நாள்கூலியும் சேமிப்பும் யாருக்கு எவ்வளவு இருந்தது, சங்கத்தில் யார் பேச்சு எடுபட்டது என்பதை மட்டும் சொன்னேன். ஒரு மாணவன், "நம்ம பாடப் புத்தகத்துல ஸ்ட்ரைக் மட்டும்தானே மேடம் இருக்கு, குடிசை எரிஞ்சது இல்லையே" என்றான். அன்று சாயங்காலம் வரை அந்த மூலையில் ஆள் குறையவில்லை. 1996-இல் மில் மூடப்பட்டதைப் பற்றி ஒரு காவலாளியின் மகன் பேசியதற்கும் கூட்டம் நின்றது.

ரூட்டு

இந்தக் கல்லூரியில் வந்துசேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மாணவனுக்குக் கிடைக்கும் அடையாளம் துறை அல்ல, ரூட்டு. எந்தப் பஸ், எந்த ரயில் லைன் என்பதுதான் அவன் கூட்டம். அதற்கு ஒரு 'தல' உண்டு, பாட்டு உண்டு, பகையும் உண்டு. பஸ் டே கொண்டாட்டங்களுக்கு நீதிமன்றமே தடை போட்டிருக்கிறது. ரயில் நிலையத்தில் கத்தியோடு பிடிபட்ட செய்திகள் வருஷம் தவறாமல் வருகின்றன. அந்த வன்முறைக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அதில் ஏன் பிள்ளைகள் போய்ச் சேர்கிறார்கள் என்று யோசித்தால், ரூட்டில் சேர சொந்த ஊர் கேட்பதில்லை. ஒரே பெட்டியில் ஏறினால் போதும். கல்லூரி கொடுக்காத ஒட்டுதலைத் தண்டவாளம் கொடுக்கிறது.

விழாக் குழு துணிந்து ரூட்டுப் பையன்களைக் கூப்பிட்டது. ஒலிபெருக்கி, நாற்காலி, கானா மேடை மூன்றும் அவர்கள் பொறுப்பு. கும்மிடிப்பூண்டி லைன் பையன்களும் பஸ் ரூட்டுக்காரர்களும் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. சட்டி, டேப் என்ற தோல் கருவிகள், தாளம் போட ஒரு பிளாஸ்டிக் டிரம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவை ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன், போன வருஷம் விபத்தில் இறந்த தன் வகுப்புத் தோழனுக்காகப் பாடினான். பேராசிரியர்கள் வரிசையில் ஒருவர் எழுந்து போய்விட்டார். கல்லூரிக்கு இது தேவையா என்று பிறகு கேட்டார். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. அதற்கு முழுக் காரணம் விழாதான் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று கூட்டத்தை அடக்கியது அந்தத் 'தல'கள்தான், நாங்கள் அல்ல.

எது நிற்கிறது, எது நிற்கவில்லை

மணலி மாணவன் எந்த ஸ்டாலிலும் நிற்கவில்லை. வழிகாட்டியாக இருந்தான். அம்மாவைக் கூட்டிவந்து ஒவ்வொரு மேசையையும் ஹிந்தியில் விளக்கிக் காட்டினான். அவனுக்கு நடந்ததில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

நிற்காததும் உண்டு. ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் யாரும் கலந்துகொள்ளவில்லை. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தபோது பெரம்பூரில் அதைப் பற்றிப் பேச ஆளில்லாததைப் போலவே, இங்கேயும் அவர்கள் இல்லாததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வீட்டை இடித்து, நகரின் தெற்கே தொலைவில் உள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் வந்திருந்தும், திரும்பிப் போக நேரமாகிறது என்று மதியமே கிளம்பினார்கள். ஒரு பெற்றோர், தன் மகள் மாட்டுக்கறி சார்ட் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டுப் புகார் சொல்ல வந்தார். அவரோடு ஒரு மணி நேரம் பேசினோம். சமாதானமானாரா என்று தெரியவில்லை, மகளைத் தொடர்ந்து அனுப்புகிறார்.

இன்னொன்று முக்கியமானது. விழா வேலையின்போது ஒரு மாணவி, ஆய்வகத்தில் தன்னை ஒருவர் எப்படிப் பேசினார் என்பதைச் சொன்னாள். 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அலுவலரும் இருக்க வேண்டும். இங்கே பலகையில் பெயர் இருந்தது. புகாரை எங்கே, எந்தத் தாளில், யாரிடம் கொடுப்பது என்று பலகையில் பெயர் இருந்தவருக்கே தெரியவில்லை. அத்தோவும் கானாவும் எவ்வளவு நன்றாக நடந்தாலும் இந்த ஓட்டையை அடைக்காது. இப்போது புகார்ப் படிவம் நூலகத்திலும் பெண்கள் ஓய்வறை வாசலிலும் கிடைக்கிறது. அந்த மாணவியின் புகார் விசாரணையில் இருக்கிறது.

அடுத்த விழாவுக்குக் குழு ஏற்கெனவே முடிவு செய்திருப்பவை சில. நிகழ்ச்சி காலையிலேயே தொடங்கும். பெரும்பாக்கம், பொன்னேரிப் பிள்ளைகள் கிளம்பிய பிறகு முக்கியமானது எதுவும் நடக்காது. படிவம் கிடையாது. உணவு அனுமதியைக் குழு எழுத்து மூலம் கேட்கும், மறுத்தால் மறுப்பும் எழுத்தில் வர வேண்டும். மில் மூலையை நடத்தும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். 1921 பற்றிய செய்தித்தாள் பக்கங்களைத் தேடி கன்னிமாரா நூலகத்துக்குப் போய்வரக் கடிதம் கேட்டார்கள், போன வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.